ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து ஐடி வேலைக்கு: எந்த சீட்ல இருந்தவங்க எந்தப் பக்கம் போகலாம், ஒரு முழு வழிகாட்டி

ரேடியோல இருந்து ஐடிக்கு மாறலாம்னு இருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற பதில் ஒண்ணுதான், "ஏதாவது ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் சேர்ந்துடுங்க". கோர்ஸ் விக்கிறவங்களுக்கு இது நல்ல பதில்தான். ஆனா பத்து வருஷம் ஸ்டேஷன்ல குப்பை கொட்டின ஆளு, காலேஜ் முடிச்ச 22 வயசுப் பசங்க நிக்கிற அதே வரிசைல போய் நின்னு அதே ஜாவா டெஸ்ட் எழுதினா அந்தப் பத்து வருஷம் கணக்குலயே வராது, பசங்க வேற உங்களவிட வேகமா எழுதுவாங்க.

நான் தமிழ்நாட்டுல ஒரு தனியார் எஃப்எம்ல முதல்ல ட்ராஃபிக் (எந்த விளம்பரம் எப்ப ஓடணும்னு அட்டவணை போடற வேலை), அப்புறம் ப்ரொடக்‌ஷன்னு இருந்துட்டு இப்ப அப்ளிகேஷன் சப்போர்ட்ல (ஓடிட்டு இருக்கிற சாஃப்ட்வேர்ல பிரச்சனை வந்தா பாக்கற வேலை) இருக்கேன். கூட இருந்தவங்கள்ல நல்லபடியா மாறினவங்கள பாத்தா எல்லாரும் செஞ்சது ஒரே காரியம், ஸ்டேஷன்ல தாங்க உக்காந்திருந்த சீட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஐடி வேலை எதுன்னு கண்டுபிடிச்சு அதுக்குள்ள முதல்ல நுழைஞ்சாங்க, டெவலப்பர் ஆகணும், டேட்டா இன்ஜினியர் ஆகணும்ங்கிறதெல்லாம் உள்ள போனதுக்கு அப்புறம் பாத்துக்கிட்டாங்க. இந்தக் கட்டுரை முழுக்க அதத்தான் ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லப் போறேன்.

முதல் ஸ்டெப்: உங்க சீட் எதுன்னு நேர்மையா பாருங்க

வெளில இருந்து பாக்கறவங்களுக்கு ரேடியோன்னா ஆர்ஜே மட்டும்தான். சென்னைல 2003-ல சூரியனும் மிர்ச்சியும் வந்தப்ப இருந்து, 2006 வாக்குல ஹலோ, ரேடியோ சிட்டி, பிக்னு வரிசையா வந்தப்பவும் ஊர் பேசினது குரல்களப் பத்திதான். உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும், தனியார் எஃப்எம்ல சொந்தமா நியூஸ் போட அனுமதி கிடையாது, பாட்டும் பேச்சும் விளம்பரமும்தான், ஸ்டேஷன் உயிரோட இருக்கிறதே விளம்பர லாக், அதாவது எந்த விளம்பரம் எத்தனை மணிக்குன்னு போட்ட பட்டியல், சரியா ஓடறதுலதான். அந்த லாக்கச் சுத்திதான் எல்லா சீட்டும்.

ட்ராஃபிக், ஷெட்யூலிங் சீட்ல இருந்தவங்க தங்கள ரொம்பக் கம்மியா எடை போடறாங்க, அதனால இவங்களப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஒரு நாள் லாக் எடுத்துக்கோங்க. சேல்ஸ்ல இருந்து ரிலீஸ் ஆர்டர் வருது, இந்த க்ளையண்ட்டுக்கு காலைல இத்தனை ஸ்பாட், சாயங்காலம் இத்தனை, ஒரு நகைக்கடை விளம்பரம் முடிஞ்சவுடனே இன்னொரு நகைக்கடை வரக்கூடாது, ஒரு மணி நேரத்துல இத்தனை செகண்டுக்கு மேல போகக்கூடாது, ஓடாம விட்டுப்போன ஸ்பாட்ட மறுபடி போட்டுக் கணக்கக் காட்டணும், மறுநாள் எந்த ஸ்பாட் எத்தனை மணிக்கு உண்மையா ஓடுச்சுன்னு ரிப்போர்ட் எடுத்து பில்லிங்குக்குக் குடுக்கணும். இத அப்படியே ஐடி பாஷைல சொன்னா பிசினஸ் ரூல், கன்ஸ்ட்ரெயிண்ட், எக்ஸப்ஷன் ஹேண்ட்லிங், ரீகன்சிலியேஷன். பாட்டு ஷெட்யூல் பண்ணினவங்க ஜீசெலக்டர் மாதிரி சாஃப்ட்வேர்ல கேட்டகிரி, ரொட்டேஷன், ஒரே பாடகர் ரெண்டு தடவ பக்கத்துல வராம இருக்க செப்பரேஷன் எல்லாம் செட் பண்ணியிருப்பீங்க, அது ஒரு டேட்டாபேஸ் மேல ரூல் எழுதற வேலைதான், கோடிங்னு யாரும் பேர் வைக்கல அவ்ளோதான். உங்களுக்குப் பக்கத்து வாசல் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) தெரிஞ்ச அப்ளிகேஷன் சப்போர்ட், டேட்டா அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங், டிஜிட்டல் விளம்பரக் கம்பெனிகள்ல ஆட் ஆபரேஷன்ஸ். ஆட் ஆப்ஸ்ங்கிறது கிட்டத்தட்ட நீங்க செஞ்ச அதே வேலை, ஸ்பாட்டுக்குப் பதிலா இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் ஒருத்தர் ஸ்க்ரீன்ல ஒரு தடவ தெரியறது.

பிராட்காஸ்ட் இன்ஜினியர் சீட்ல இருந்தவங்களுக்கு வழி இன்னும் நேரா இருக்கு. ஸ்டுடியோல இருந்து ட்ரான்ஸ்மிட்டர் சைட்டுக்குப் போற எஸ்டிஎல் லிங்க், அதுக்கு ஒரு பேக்கப் லைன், யுபிஎஸ், ஜெனரேட்டர், சத்தம் நின்னா தானா பேக்கப்புக்கு மாத்தற சைலன்ஸ் சென்சார், இதெல்லாம் பாத்தவங்களுக்கு ஹை அவெய்லபிலிட்டின்னு (எது செத்தாலும் சேவை நிக்காம பாத்துக்கறது) தனியா க்ளாஸ் எடுக்க வேண்டியதில்ல. ஆடியோவ கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியா அனுப்பற ஆடியோ ஓவர் ஐபி வந்ததுக்கு அப்புறம், அதாவது லைவ்வயர், டான்ட்டே, 2013-ல வந்த ஏஇஎஸ்67, இதுல ஏதாவது ஒண்ணுல கை வெச்சவங்க பாதி நெட்வொர்க் இன்ஜினியர். லைவ்வயர் ஆடியோவ மல்டிகாஸ்ட்டா (ஒரே ஸ்ட்ரீம ஒரே நேரத்துல பல பேருக்கு) அனுப்பும், ஸ்விட்ச்ல ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆன் பண்ணலன்னா எல்லா போர்ட்லயும் வெள்ளமா ஓடி நெட்வொர்க்கே திணறும்னு உங்களுக்குத் தெரியும்னா அத இன்டர்வியூல சொல்லுங்க, சிசிஎன்ஏங்கிற நெட்வொர்க் சர்ட்டிஃபிகேட் படிச்சுட்டு வந்த நிறையப் பேருக்கு மல்டிகாஸ்ட்ட நேர்ல பாத்த அனுபவமே இருக்காது. நீங்க போக வேண்டிய இடம் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ், லினக்ஸ் அட்மின், க்ளவுட் சப்போர்ட், எல்லாத்துக்கும் மேல மீடியா டெக்னாலஜி. பெங்களூர்ல 2008-ல ஆரம்பிச்ச அமாகி டிவி சேனல்களோட ப்ளேஅவுட்டையே (நிகழ்ச்சிய வரிசையா ஏர்ல விடற சிஸ்டம்) க்ளவுட்ல ஓட்டற கம்பெனி, டாடா எல்க்ஸிக்கு மீடியா பக்கம் தனிப் பிரிவு இருக்கு, காம்காஸ்ட்டுக்கு சென்னைல இன்ஜினியரிங் சென்டர் இருக்கு. இந்த மாதிரி இடங்கள்ல "ஏர்ல போயிட்டு இருக்கும்போது கை வைக்கக்கூடாது"ன்னா என்னன்னு உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது, அதுவே அவங்களுக்குப் பெரிய நிம்மதி.

சவுண்ட் இன்ஜினியர், ப்ரொட்யூசர் சீட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு டெஸ்ட்டிங். காதுல ஒரு சின்ன க்ளிக் கேட்டா தூக்கம் வராத ஆளுங்க நல்ல டெஸ்ட்டர் ஆவாங்க, இது என் சொந்த அபிப்ராயம், ஆனா பலபேர்கிட்ட பாத்திருக்கேன். ஆடியோ, வீடியோ ஆப் செய்யற கம்பெனிகளுக்கு ப்ளூடூத் மாத்தினா என்ன ஆகுது, கால் வந்தா பாட்டு நிக்குதா, லிப் சிங்க் தள்ளிப்போகுதான்னு பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். இன்னொண்ணு மீடியா ஆட்டோமேஷன், அடோபி ஆடிஷன் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ஃபைலாத் திறந்து லெவல் சரி பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணினத, நூறு ஃபைலுக்கு ஒரே ஸ்க்ரிப்ட்ல பண்றது.

இப்ப ஆர்ஜேங்க. இவங்களுக்குத்தான் மாறறது மனசளவுல கஷ்டம், ஏன்னா பேர் இருக்கு, கடைத்தெருல நாலு பேர் குரல வெச்சே கண்டுபிடிப்பாங்க, அந்தப் பேர் ஐடி வாசல்ல செல்லுபடியாகாது. ஆனா திறமை செல்லும். சென்னைல ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ மாதிரி சாஃப்ட்வேர வெளிநாட்டுக்கு விக்கற கம்பெனிங்க நிறைய, அந்த வகைக் கம்பெனி எல்லாத்துலயும் ப்ராடக்ட் சப்போர்ட், கஸ்டமர் சக்சஸ், ட்ரெய்னிங்னு டீம் இருக்கும். கோவமா கால் பண்ற ஆளை ரெண்டு நிமிஷத்துல சாந்தப்படுத்தி, அவருக்கு உண்மையில என்ன வேணும்னு புடிக்கறது காலை ஷோல லைவ் கால் எடுத்தவங்களுக்குக் கை வந்த கலை. இங்லீஷ் பத்தி பயம் இருக்கும், தமிழ் ஆர்ஜேங்க நிறையப் பேருக்கு இருக்கு. உச்சரிப்ப நினைச்சு பயப்படாதீங்க, ஆனா இங்லீஷ்ல நாலு வரி மெயில் தெளிவா எழுத வராம சப்போர்ட்ல காலம் தள்ள முடியாது, வேலைல பாதிக்கு மேல எழுத்துதான், அதுக்குத் தினமும் உக்காருங்க.

ஆர்ஜேக்கு இன்னொரு வாசல் பேச்சு டெக்னாலஜி. ஐஐடி மெட்ராஸ்ல இருக்கிற ஏஐ4பாரத் குழு ஷ்ருதிலிபின்னு ஒரு டேட்டா செட் வெளியிட்டாங்க, தமிழ் உட்பட 12 இந்திய மொழில 6,400 மணி நேரத்துக்கு மேல ஆடியோவும் அதுக்கான எழுத்தும். அந்த ஆடியோ எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, ஆல் இந்தியா ரேடியோவோட செய்தி அறிக்கைகள்ல இருந்து! அதாவது வானொலில செய்தி வாசிச்சவங்க குரல்ல இருந்துதான் கம்ப்யூட்டர் தமிழ் கேக்கக் கத்துக்குது. 2022-ல ஆரம்பிச்ச மத்திய அரசோட பாஷினி திட்டமும் இதே திசைலதான் போகுது. இந்தத் துறைல ட்ரான்ஸ்க்ரிப்ஷன் சரி பாக்கறது, பேச்சு டேட்டாவோட தரம் பாக்கறது, வாய்ஸ் பாட் என்ன பேசணும்னு எழுதறதுன்னு வேலைகள் இருக்கு. மதுரைத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் காதுல பிரிச்சுக் கேக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இங்க மதிப்பு உண்டு. ஆனா ஒண்ணு, இந்த மாதிரி டேட்டாவுக்குக் குறிப்பு போடற அனோட்டேஷன் வேலை நிறைய துண்டு துண்டா காண்ட்ராக்ட்லதான் வரும், உள்ள நுழைய ஓகே, அங்கயே தங்கிடாதீங்க.

இங்கயே ஒரு எச்சரிக்கை. குரல விக்கச் சொல்லி வருவாங்க, ஸ்டுடியோல உக்காந்து சில மணி நேரம் படிச்சுக் குடுங்க, இவ்ளோ பணம்னு. அது டெக்ஸ்ட் டு ஸ்பீச்சுக்குப் போகுதான்னு கேளுங்க. காண்ட்ராக்ட்ல எவ்ளோ காலத்துக்கு, எந்த எந்த உபயோகத்துக்கு, வேற கம்பெனிக்குக் கை மாத்தலாமா, அரசியல் விளம்பரத்துக்கும் லோன் ஆப் விளம்பரத்துக்கும் உங்க குரல் பேசலாமா, இதெல்லாம் எழுத்துல இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. நாளைக்கு உங்க குரலே உங்களுக்குப் போட்டியா அதே விளம்பரத்த உங்கள விட மலிவா பேசும்.

சேல்ஸ் சீட்டப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சாஃப்ட்வேர் சேல்ஸ், சிஆர்எம் (கஸ்டமர் விவரங்கள வெச்சுக்கற சாஃப்ட்வேர்) அட்மின், அவங்க எப்படியும் பேசிப் போயிடுவாங்க.

ரெண்டாவது ஸ்டெப்: ராஜினாமாவுக்கு முன்னாடி பேப்பர் சேருங்க

இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஆஃபர் கைக்கு வந்ததுக்கு அப்புறம் வண்டி நிக்கறது இங்கதான். ஐடி கம்பெனிங்க பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்ணும்போது பிஎஃப் ரெக்கார்டப் பாப்பாங்க, யுஏஎன் நம்பர்ல எந்தக் கம்பெனி எப்ப இருந்து எப்ப வரைக்கும்னு இருக்கும். ரேடியோல பாதிப் பேருக்கு, முக்கியமா ஆர்ஜேக்கும் ப்ரொட்யூசருக்கும், பிஎஃப்பே இருக்காது. ஊழியர்னு எடுக்காம கன்சல்டன்ட்னு எடுத்து, வருமான வரி 194ஜே பிரிவுல பத்து பர்சன்ட் டிடிஎஸ் புடிச்சுட்டு மிச்சத்த பேங்க்ல போட்டிருப்பாங்க. அப்ப நீங்க அங்க வேலை பாத்ததுக்கு என்ன அத்தாட்சி? "எஃப்எம்ல என் குரல் வந்துச்சே"ன்னு சொன்னா வெரிஃபிகேஷன் ஏஜென்சி கேக்காது.

அதனால இன்னும் உள்ள இருக்கும்போதே சேருங்க. ஒவ்வொரு வருஷமும் ரின்யூ ஆன காண்ட்ராக்ட் லெட்டர் எல்லாம், டிடிஎஸ் புடிச்சதுக்கு ஸ்டேஷன் குடுக்கற ஃபார்ம் 16ஏ எல்லா வருஷத்துக்கும், வருமான வரி சைட்ல இருந்து 26ஏஎஸ் (உங்க பேர்ல யார் எவ்ளோ வரி கட்டினாங்கன்னு காட்டற ஸ்டேட்மென்ட்), சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட். கடைசியா ரிலீவிங் லெட்டர், அதுல சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவிப் பேர் மூணும் இருக்கணும். பதவிப் பேர் காண்ட்ராக்ட்ல ஒண்ணு, விசிட்டிங் கார்டுல ஒண்ணுன்னு இருக்கும், ரெஸ்யூமேல காண்ட்ராக்ட்ல இருக்கிறதையே போடுங்க. ஸ்டேஷன்ல மேனேஜ்மென்ட் மாறறது, எச்ஆர் மாறறது சகஜம், ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் லெட்டர் கேட்டா உங்கள யாருன்னே தெரியாதவங்க அங்க உக்காந்திருப்பாங்க.

பேப்பர் இல்லங்கிற இந்த ஓட்டையத்தான் "எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் நாங்க ரெடி பண்றோம், ரெண்டு வருஷம் ஐடி அனுபவம் போட்டுக்கலாம்"னு சொல்ற ஆளுங்க புடிச்சுக்குவாங்க. வேண்டாம். பிஎஃப் ரெக்கார்ட்ல இல்லாத கம்பெனி பேர் வெரிஃபிகேஷன்ல மாட்டும், சேர்ந்ததுக்கு அப்புறம் மாட்டினா வேலையும் போகும், அடுத்த கம்பெனிக்கும் பதில் சொல்லணும். பணம் கட்டினா பின் வாசல்ல வேலைங்கிறதும் அதே கதைதான்.

பணம் பத்தி ஒரு வரி: சீனியர் ஆர்ஜேக்கும் ப்ரோக்ராமிங் ஹெட்டுக்கும் முதல் ஐடி வேலைல சம்பளம் குறையும்னே வெச்சுக்கோங்க, இஎம்ஐ இருந்தா அதுக்கு ஆறு மாசக் காசு ஒதுக்கிட்டு எறங்குங்க.

மூணாவது ஸ்டெப்: எத எவ்ளோ படிக்கணும்

எந்த சீட்டா இருந்தாலும் மூணு விஷயம் பொது, லினக்ஸ் கமாண்ட் லைன், எஸ்க்யூஎல், நெட்வொர்க் அடிப்படை. டிஎன்எஸ்னா என்ன, போர்ட்னா என்ன, ஒரு வெப்சைட் திறக்கலன்னா எங்க இருந்து பாத்துக்கிட்டே வரணும், அந்த அளவுக்கு. அதுக்கு அப்புறம் உங்க வாசலுக்கு ஏத்தது ஒண்ணே ஒண்ணு. ட்ராஃபிக் ஆளுங்க எஸ்க்யூஎல்ல ஆழமா போய் கூடவே எக்செல், பவர் பிஐ. இன்ஜினியருங்க சிசிஎன்ஏ, இல்ல அமேசானோட க்ளவுடான ஏடபிள்யூஎஸ். டெஸ்ட்டிங் போறவங்க ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன், அது 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியா வந்தா பாஸ், ஷிஃப்ட் பாத்துக்கிட்டே படிக்கற அளவுதான். சப்போர்ட் போறவங்க ஏபிஐன்னா (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணோட பேசற வழி) என்ன, போஸ்ட்மேன்ங்கிற டூல்ல ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி, ஜேசன் (JSON) வடிவத்துல வர்ற பதில படிக்கறது எப்படி, ப்ரவுசர்ல டெவலப்பர் டூல்ஸ் திறந்து எரர் பாக்கறது எப்படின்னு கத்துக்கிட்டாலே ஃப்ரெஷர்ஸ் கூட்டத்துல இருந்து தனியா தெரிவீங்க.

காசு கட்டி சேர்றதுக்கு முன்னாடி இலவசமா இருக்கிறதத் தீருங்க. ஐஐடி பாம்பேவோட ஸ்போக்கன் டுடோரியல் ரேடியோக்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், பத்துப் பத்து நிமிஷமா பாடம், லினக்ஸ், பைத்தான் எல்லாம் உண்டு, தமிழ்ல டப் பண்ணினதும் இருக்கு, ஒரு பக்கம் வீடியோ ஓடும் இன்னொரு பக்கம் நீங்க செஞ்சுக்கிட்டே வரலாம். கணியம் தளத்துல மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் மாதிரி விஷயங்களுக்கு எளிய தமிழ்லயே இலவச மின்னூல்கள் இருக்கு. ஐஐடிங்க சேர்ந்து நடத்தற என்பிடெல்ல பாடம் இலவசம், சர்ட்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரிட்சைக்குக் காசு கட்டி நேர்ல போய் எழுதணும், அதனால அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு.

டிகிரி பிரச்சனை சிலபேருக்கு வரும். விஸ்காம், தமிழ் இலக்கியம், மாஸ் கம்யூனிகேஷன் படிச்சவங்கள பெரிய சர்வீஸ் கம்பெனிங்க சில ரோலுக்கு எடுக்காது, வடிகட்டும்போதே கழிஞ்சுடும், அதுக்காக மனசு உடையாதீங்க, சின்ன ப்ராடக்ட் கம்பெனி, ஸ்டார்ட்அப் பக்கம் போங்க. கம்ப்யூட்டர் டிகிரியே வேணும்னு தோணுச்சுன்னா ஐஐடி மெட்ராஸ் 2020-ல ஆரம்பிச்ச ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இருக்கு, ஜேஇஇ எழுத வேண்டியதில்ல, அவங்களே நடத்தற தகுதித் தேர்வு வழியா சேரலாம், நடுவுல டிப்ளமோவோட நிறுத்திக்கவும் வழி உண்டு. கணக்கு கொஞ்சம் கண்ணைக் கட்டும், வேலைக்கு நடுவுல அத லேசா நினைச்சு சேராதீங்க.

ஷிஃப்ட்ட உபயோகப்படுத்துங்க. காலை ஷோ டீம் பதினொரு மணிக்கெல்லாம் ஃப்ரீ, நைட் ஷிஃப்ட்ல ஆட்டோமேஷன் ஓடும்போது கன்சோல் முன்னாடி உக்காந்திருக்கிற நேரம் இருக்கு. ஆனா ஸ்டேஷனோட ப்ளேஅவுட் மெஷின்ல பைத்தான் இன்ஸ்டால் பண்ணிப் பாக்கற வேலை மட்டும் வேண்டாம், சொந்த லேப்டாப் கொண்டு போங்க.

நாலாவது ஸ்டெப்: ரேடியோ வாசனையோட ப்ராஜெக்ட் பண்ணுங்க

எல்லார் ரெஸ்யூமேலயும் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்தான் இருக்கும். நீங்க ரேடியோ ப்ராஜெக்ட் பண்ணினா ஆள் எடுக்கறவர் நிமிர்ந்து உக்காந்து கேள்வி கேப்பாரு, அந்தக் கேள்விக்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரியும்.

எஸ்க்யூஎல்லுக்கு: எஸ்க்யூலைட்ங்கிற குட்டி டேட்டாபேஸ்ல ஒரு பொய் லாக் உருவாக்குங்க. க்ளையண்ட், வகை, போட்ட நேரம், உண்மையா ஓடின நேரம், நீளம், ஓடுச்சா இல்லையா. ஒரு மாசத்துக்கு வர்ற மாதிரி பைத்தான்ல ரேண்டமா நிரப்புங்க. அப்புறம் கேள்வி கேளுங்க. விட்டுப்போன ஸ்பாட் எது, அதுக்கு மறுபடி போட்டாச்சா, எந்த மணி நேரத்துல விளம்பரம் அளவுக்கு மேல போச்சு, ஒரே வகை விளம்பரம் ரெண்டு அடுத்தடுத்து எங்க ஓடுச்சு. கடைசிக் கேள்விக்கு முந்தின வரியையும் இந்த வரியையும் ஒப்பிடணும், அதுக்கு லேக்னு ஒரு விண்டோ ஃபங்ஷன் இருக்கு, இன்டர்வியூல எஸ்க்யூஎல் தெரியுமான்னு ஆழம் பாக்கற இடமே இந்த விண்டோ ஃபங்ஷன்தான். நிஜ லாக்க எடுத்துட்டு வராதீங்க, ஒரு வரிகூட. அது க்ளையண்ட் டேட்டா, அதோட போய் நின்னா "இவரு நாளைக்கு நம்ம டேட்டாவையும் இப்படித்தான் எடுத்துட்டுப் போவாரு"ன்னு நினைப்பாங்க. ஏர்ல போன நிகழ்ச்சி ஆடியோவுக்கும் இதே கதி.

இன்ஜினியர் பக்கம்: ஒரு சின்ன க்ளவுட் சர்வர்ல ஐஸ்காஸ்ட் போட்டு, லிக்விட்சோப் வெச்சு ஒரு குட்டி இணைய ரேடியோ ஓட்டுங்க. லிக்விட்சோப்ல ஃபால்பேக்னு ஒரு வசதி, முதல் சோர்ஸ் செத்தா ரெண்டாவது தானா எடுத்துக்கும். அது மேல டெட் ஏர் (ஏர்ல சத்தமே இல்லாம போறது) அலாரம் கட்டுங்க, எஃப்எஃப்எம்பெக்ங்கிற ஆடியோ வீடியோ டூல்ல சைலன்ஸ்டிடெக்ட்னு ஃபில்ட்டர் இருக்கு, எத்தனை டெசிபலுக்குக் கீழ எத்தனை செகண்ட் இருந்தா மௌனம்னு நீங்க சொன்னா அது ஆரம்பிச்ச நேரம் முடிஞ்ச நேரம் ரெண்டையும் லாக்ல எழுதும், அதப் படிச்சு டெலிகிராமுக்கு மெசேஜ் அனுப்பற மாதிரி ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட். அப்புறம் நீங்களே வேணும்னே ஸ்ட்ரீம நிறுத்தி, எவ்ளோ நேரத்துல அலாரம் வந்துச்சு, எவ்ளோ நேரத்துல பேக்கப் வந்துச்சுன்னு எழுதி வைங்க. பாட்டு காப்பிரைட் உள்ளது போடாதீங்க, உங்க குரலயே ரெக்கார்ட் பண்ணிப் போடுங்க.

பேச்சு டெக்னாலஜி பக்கம்: 2022-ல ஓப்பன்ஏஐ இலவசமா வெளியிட்ட விஸ்பர்ங்கிற, பேச்ச எழுத்தா மாத்தற மாடல்ல நீங்க பேசின தமிழக் குடுத்துப் பாருங்க. அது எழுதினதையும் நீங்க கையால எழுதினதையும் வெச்சு வார்த்தைப் பிழை விகிதம் கணக்கு போடுங்க. இங்கதான் தமிழ் தெரிஞ்ச ஆளு தேவைப்படறாங்க. "வந்துகொண்டிருக்கிறேன்"னு சேர்த்து எழுதினா ஒரு வார்த்தை, பிரிச்சா மூணு, மாடல் சரியாத்தான் கேட்டிருக்கும், இடைவெளி மாறினதுக்கே தப்புன்னு கணக்கு காட்டும், அதனால எழுத்துப் பிழை விகிதமும் சேர்த்துப் பாக்கணும். ல, ள, ழ எங்க குழப்புது, நடுவுல இங்லீஷ் வார்த்தை வந்தா என்ன பண்ணுது, பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல என்ன ஆகுதுன்னு வகை பிரிச்சு ரெண்டு பக்கம் எழுதினா அதுவே நல்ல போர்ட்ஃபோலியோ. எல்லாத்தையும் கிட்ஹப்ல போட்டு, எதுக்குப் பண்ணினேன், என்ன கண்டுபிடிச்சேன்னு ரீட்மீல எழுதுங்க. ஸ்க்ரிப்ட் எழுதின கைதானே, அது வந்துடும்.

அஞ்சாவது ஸ்டெப்: ரெஸ்யூமே

ரெஸ்யூமேல "மக்கள் மனம் கவர்ந்த தொகுப்பாளர்"னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. செஞ்ச வேலைய சிஸ்டம், அளவு, விளைவுன்னு எழுதுங்க. ரெஸ்யூமே இங்லீஷ்லதான் போகும், நான் சாரத்த சொல்றேன். "காலை ஷோ ஆர்ஜே"ங்கிறது "தினமும் நாலு மணி நேர நேரலை, செகண்ட் கணக்குல டெட்லைன், லைவ் கால் கையாண்டது, பிரச்சனை வந்தப்ப ஏர் நிக்காம மாத்து வழி போட்டது" ஆகணும். "ட்ராஃபிக் எக்ஸிக்யூடிவ்"ங்கிறது "தினசரி ஷெட்யூல் டேட்டாவ சரிபாத்து, ஓடினதுக்கும் பில்லுக்கும் இடைல இருந்த வித்தியாசத்தத் தீர்த்தது" ஆகணும். உபயோகிச்ச சாஃப்ட்வேர் பேரெல்லாம் போடுங்க, அவங்களுக்குத் தெரியாட்டியும் பரவால்ல, இது என்னன்னு கேப்பாங்க, நல்லதுதானே. அவார்டு, செலிப்ரிட்டி பேட்டி, போட்டோ இதெல்லாம் கடைசில ஒரு வரிக்கு மேல வேண்டாம். நம்பர் போடும்போது உங்களால நிரூபிக்க முடிஞ்சத மட்டும் போடுங்க, லட்சம் நேயர்னு போட்டா அது ஸ்டேஷனோட கணக்கு.

நௌக்ரில ஆயிரம் அப்ளிகேஷன் தட்டறதவிட, உங்களுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருந்து போனவங்களத் தேடுங்க. லிங்க்ட்இன்ல பழைய ஸ்டேஷன் பேரப் போட்டுத் தேடினா எங்க எங்கயோ இருப்பாங்க. ரேடியோ சின்ன உலகம், ரெஃபர் பண்ணச் சொல்லிக் கேட்டா பெரும்பாலும் பண்ணுவாங்க.

ஆறாவது ஸ்டெப்: இன்டர்வியூ

ரேடியோக்காரங்களுக்கு இங்க ஒரு பழக்கதோஷம் உண்டு, மௌனம்னா பயம். மூணு செகண்ட் சத்தம் இல்லன்னா வாய் தானா ரொப்ப ஆரம்பிச்சுடும். டெக்னிக்கல் கேள்வி கேட்டாங்கன்னா பதில் தெரியுமோ தெரியாதோ அழகா பேசிக்கிட்டே போவோம், எதிர்ல இருக்கிற ஆள் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாரு. "ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்"னு சொல்லிட்டு சும்மா இருங்க, அங்க அது டெட் ஏர் கிடையாது. தெரியலன்னா தெரியல, எப்படித் தேடுவேன்னு சொல்லுங்க.

"ரேடியோல இருந்து ஏன் வர்றீங்க"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. ரேடியோ செத்துப்போச்சு, சம்பளம் இல்லன்னு அழ வேண்டாம். ஒரே ஷோவ பல ஊர்ல ஓட்டறதும், பேச்ச முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெக்கற வாய்ஸ் ட்ராக்கும் வந்ததுக்கு அப்புறம் ஸ்டேஷன் வேலைல சிஸ்டம் பக்கம் அதிகமாகிடுச்சு, எனக்கு அந்தப் பக்கம் புடிச்சது, அதனால இதெல்லாம் படிச்சேன், இதெல்லாம் செஞ்சு பாத்தேன்னு சொல்லி ப்ராஜெக்ட்டுக்கு இழுத்துட்டு வாங்க. அப்புறம் ஒரு சம்பவம் தயாரா வெச்சிருங்க, ஸ்டேஷன்ல ஏதோ ஒண்ணு நின்னுபோன நாள். எப்படித் தெரிஞ்சது, முதல்ல எதச் செஞ்சீங்க, யாருக்கு போன் போட்டீங்க, ஏர் எப்ப திரும்ப வந்துச்சு, மறுபடி வராம இருக்க அடுத்த நாள் என்ன மாத்தினீங்க. இந்த வரிசைல சொன்னா அது ஐடில இன்சிடென்ட் மேனேஜ்மென்ட், கடைசிப் பகுதி ரூட் காஸ், அதாவது மூல காரணத்தக் கண்டுபிடிச்சு சரி பண்றது. இத வெச்சே வேலை வாங்கினவங்கள எனக்குத் தெரியும்.

ஏழாவது ஸ்டெப்: ஆஃபர் வந்ததுக்கு அப்புறம்

ஷிஃப்ட் பாருங்க. சப்போர்ட்ல அமெரிக்க நேரம்னா ராத்திரி முழுக்க வேலை. அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் போன உடம்புக்கு இது தலைகீழ். கேப் வசதி, நைட் அலவன்ஸ், ஷிஃப்ட் மாறுமான்னு முதல்லயே கேளுங்க. நோட்டீஸ் பீரியட் ரேடியோல மாதிரி ஒரு மாசம் இருக்காது, மூணு மாசம்னு போட்டிருப்பாங்க, படிச்சுப் பாருங்க.

அதவிட முக்கியம் வாய்ஸ் ஓவர். ரேடியோவ விட்டாலும் ஊர்ல கடை விளம்பரம், கல்யாண வீட்டுத் தொகுப்பு, ஆடியோபுக்னு சின்னச் சின்ன வருமானம் வந்துக்கிட்டே இருக்கும், பலபேர் அத விடமாட்டாங்க, விடவும் தேவையில்ல. ஆனா ஐடில வெளி வேலைக்குக் கெடுபிடி. 2022-ல விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜியே 300 பேர மூன்லைட்டிங் (ஒரு கம்பெனில இருந்துக்கிட்டே வெளில இன்னொரு வேலை) பண்ணினதுக்காக அனுப்பிட்டோம்னு வெளிப்படையா சொன்னாரு. அவங்க போட்டிக் கம்பெனிக்கு வேலை பாத்தவங்க, உங்க கேஸ் வேற, ஆனா ஆஃபர் லெட்டர்ல "வேறு எந்த வருமானம் ஈட்டும் பணியும்"னு பொதுவா ஒரு வரி இருந்தா வாய்ஸ் ஓவரும் அதுக்குள்ள வந்துடும், அதுக்கு டிடிஎஸ் புடிச்சிருந்தா உங்க வரி ரெக்கார்ட்லயும் பளிச்சுன்னு நிக்கும். எச்ஆர் போன்ல "அதெல்லாம் பிரச்சனை இல்ல சார்"னு சொல்றத வெச்சு ஓகே பண்ணாதீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க சொந்த மெயில் ஐடில இருந்து, இன்ன மாதிரி குரல் வேலை வார இறுதில பண்ணுவேன், கம்பெனிக்குப் போட்டியான எதுவும் இல்லன்னு எழுதி அனுமதி கேளுங்க, பதில் எழுத்துல வந்து உங்ககிட்டயே நிக்கும்.